இடையன்குடியில் ஓர் இல்லம்

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், கடலுக்கு அண்மையில், செம்மணல் தேரிகளுக்கும் பனங்காடுகளுக்கும் இடையே கிடக்கும் சிற்றூர் இடையன்குடி. 1841ஆம் ஆண்டின் இறுதியில், சென்னையிலிருந்து புறப்பட்டுப் பெரும்பகுதி வழியைக் கால்நடையாகவே கடந்து வந்த இருபத்தேழு வயது இளைஞர் ஒருவர் அவ்வூரை அடைந்தார். ஆயர்கள் குடியிருந்த இடம் என்று பொருள்படும் பெயருடைய ஊருக்கு, மேய்ப்பர் என்னும் பொறுப்பை ஏற்று அவர் வந்து சேர்ந்தது தற்செயலான பொருத்தமே. ஆயினும் பின்னாளில் அவ்வூரின் பெயரும் அவருடைய பெயரும் பிரிக்க முடியாதவாறு ஒன்றாகிவிட்டன. அவர் இராபர்ட்டு கால்டுவெல்.

தமிழுலகம் அவரைத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்த பேரறிஞராக அறியும். சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நாட்டப்பெற்ற சிலையும் அந்த அறிஞரின் சிலையே. இடையன்குடி மக்கள் அறிந்தவரோ வேறொருவர். அவர் அவர்களுடைய ஐயர். தெருவை அளந்தவர், கிணறு வெட்டியவர், வழக்குத் தீர்த்தவர். அவருடைய இல்லத்தில் அவருக்கு நிகராக, ஏன், சில வகைகளில் அவருக்கு மேலாகவே ஊரோடு ஒன்றியிருந்த ஓர் அம்மையாரும் இருந்தார். அந்த இல்லத்தின் கதையைச் சொல்லாமல் கால்டுவெல்லின் வாழ்க்கையைச் சொல்வது அரைகுறையாகவே முடியும்.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தில் அந்திரிம் பகுதியைச் சேர்ந்த கிளேடி என்னும் ஊரில், ஸ்காட்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் டப்ளினில் தங்கி ஓவியம் பயின்றார். பின்னர் சமயப் பணியில் நாட்டங்கொண்டு தூரிகையைக் கைவிட்டார். கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்ஃபோர்டின் வகுப்புகளே மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் ஆர்வத்தை அவருள் விதைத்தன. இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியராக 1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் சென்னையில் கரையிறங்கினார். மூன்றாண்டுகள் அந்நகரில் தமிழ் கற்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரூ போன்றோரின் நட்பு அப்போது அவருக்கு வாய்த்தது.

1841இல் அவர் தம் சங்கத்தை விட்டு விலகி இங்கிலாந்துத் திருச்சபையில் சேர்ந்து, எஸ்.பி.ஜி. எனச் சுருக்கமாக வழங்கிய நற்செய்திச் சங்கத்தின் ஊழியரானார். இது சிறிய மாற்றமன்று. உடனுழைத்தவர்கள் பலருக்கு மனவருத்தம் தரத்தக்கது. மனச்சான்றை முன்னிட்டு எடுத்த முடிவு என்றே அதைக் கொள்ளவேண்டும். உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்று அவர் தெற்கு நோக்கி நடந்தார். தஞ்சை, தரங்கம்பாடி, நீலகிரி, கோயம்புத்தூர், மதுரை என வளைந்து நெளிந்த வழி அது. பல்லக்கும் குதிரையும் வெள்ளையர்க்குரிய ஊர்திகளாகக் கருதப்பட்ட காலத்தில் கால்நடையைத் தேர்ந்துகொண்டதற்கு, மக்களைக் கண்டும் அவர்கள் பேச்சைக் கேட்டும் செல்லவேண்டும் என்ற விருப்பமே காரணம்.

அவர் சேர்ந்த ஊர் எத்தகையது? மழை அருகிய நிலம். காற்றுக் காலத்தில் தேரிமணல் எழுந்து வீடுகளுக்குள் புகும். நெல் விளையும் வயல் அருமை. பனையே வயல், பனையே சோறு. ஆண்மக்கள் தளைநாரைக் காலிற் பூட்டி, பாளை சீவும் அரிவாளை இடையிற் கட்டிக்கொண்டு, ஒருவரே நாள்தோறும் பல பத்து மரங்கள் ஏறி இறங்குவர். பருவத்தில் அதனையும் காலையிலும் மாலையிலுமாக இருமுறை செய்யவேண்டும். இறக்கிய பதநீரை விடிலியில் வைத்துக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண்களின் வேலை. அடுப்புப் புகையிலும் வெக்கையிலும் அவர்கள் பகற்பொழுது கழியும். மரத்துக்குரிய வரி, நிலத்துக்குரிய பங்கு, வட்டிக்கு வாங்கிய கடன் ஆகியவை போக எஞ்சியதே குடும்பத்தின் உணவு. ஆலயத்துக்கு எந்நேரம் வருவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா விறகு பொறுக்க அனுப்புவதா என்பனவற்றையெல்லாம் பனையே முடிவு செய்தது.

கிறித்தவ சமயம் அப்பகுதிக்குப் புதிதன்று. 1799ஆம் ஆண்டிலேயே முதலூர் என்னும் கிறித்தவக் குடியிருப்பு தோன்றிவிட்டது. தொடர்ந்து நாசரேத்து முதலிய ஊர்கள் எழுந்தன. இடையன்குடியிலும் கால்டுவெல் வருவதற்கு முன்பே ஒரு சபை இருந்தது. ஆயின் அது வளங்குன்றிய சபை. பஞ்சமும் நோயும் வந்தபோது சேர்ந்தவர்களும், அவை நீங்கியபின் விலகியவர்களும் உண்டு. குடிசைகள் ஒழுங்கின்றி நெருங்கிக் கிடந்தன. புதிய ஐயர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று ஊரைத் திருத்தியது. நிலம் வாங்கி, நேரான தெருக்களை வகுத்து, வீடுகளை வரிசைப்படுத்தி, மரங்கள் நட்டு, கிணறு தோண்டினார். இன்றும் இடையன்குடியின் தெருக்களில் அந்த ஒழுங்கைக் காணலாம். ஒரு செய்தியை இங்கே மறைக்காமல் சொல்லவேண்டும். நிலம் சபையின் பெயரில் இருக்கும்போது அந்நிலத்தில் குடியிருப்பவன் ஐயரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டே வாழவேண்டியிருந்தது. பண்ணையாரின் அதிகாரத்திலிருந்து தப்பிவந்த குடியானவனுக்கு அது நிழலாகவும் இருந்தது. மற்றோர் அதிகாரமாகவும் இருந்தது.

இவ்வாறு இரண்டாண்டுகளுக்குச் சற்று மேல் தனியராக வாழ்ந்த கால்டுவெல் 1844ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் நாகர்கோவிலில் எலிசா மால்ட்டை மணந்தார். மணமகள், நாகர்கோவிலில் நெடுங்காலம் பணியாற்றிய சார்லசு மால்ட்டு ஐயரின் மூத்த மகள். மால்ட்டு ஐயர் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்தவர். கால்டுவெல் விட்டு விலகிய அதே சங்கம். சங்கம் மாறியவர்க்குப் பெண் கொடுக்க அவர் தயங்கவில்லை என்பதே அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. எலிசாவுக்கோ ஊர் மாற்றத்துடன் வழிபாட்டு முறை மாற்றமும் வாய்த்தது. பிறந்த வீட்டில் பழகிய எளிய ஆராதனை முறையிலிருந்து, அச்சிட்ட செபப் புத்தகத்தின் ஒழுங்கிற்கு அவர் வரவேண்டியிருந்தது.

நாஞ்சில் நாட்டிலிருந்து தேரிநாட்டுக்கு வருவதென்றால் ஏரியும் குளமும் வாழைத் தோப்பும் வயலும் நிறைந்த நிலத்தை விட்டுச் செம்மணலுக்கு வருவதாகும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே பொழியும் மழை கிழக்கே பொழிவதில்லை. ஆனால் எலிசாவுக்கு நிலந்தான் புதிது, மனிதர்கள் புதியவர்கள் அல்லர். திருவிதாங்கூர்த் தென்பகுதியில் அவருடைய பெற்றோர் யாரிடையே பணிசெய்தனரோ, அவர்களும் பனையேறும் குடியினரே. அம்மக்களின் பெண்கள் மேலாடை அணிவதற்கு உரிமை வேண்டி அல்லலுற்ற காலம் அது. 1820களில் அந்தப் போராட்டத்தின் அலை நாகர்கோவில் மிஷன் வீட்டின் வாசலையும் தொட்டது. அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைக்குப் பனையேறியின் குடும்பத்துக் கவலைகள் புத்தகத்தில் படித்தறிய வேண்டியவையாக இருக்கவில்லை. தமிழும் அவ்வாறே. கால்டுவெல் இலக்கணத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தவர். எலிசா ஆயாக்களின் மடியிலும் விளையாட்டுத் தோழியரிடமும் அதைக் கற்றவர். பேச்சு வழக்கில் மனைவிக்கிருந்த தேர்ச்சி தம் பணிக்குப் பெருந்துணையாயிற்று என்பதைக் கால்டுவெல் உணர்ந்தே இருந்தார்.

அம்மையார் வந்த பின்னரே குருமனை ஊருக்குரிய வீடாயிற்று எனலாம். ஐயரிடம் பேச ஆண்கள் வருவர். திண்ணையோடு நின்று திரும்புவர். பெண்கள் வருவதற்கு மற்றொரு பெண் அங்கே இருக்கவேண்டும். எலிசா பெண்களுக்கென விடுதியுடன் கூடிய பள்ளியொன்றைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்தெதற்கு என்ற கேள்வி எழாத வீடு அக்காலத்தில் எந்தச் சாதியிலும் அரிது. வீட்டு வேலைக்கும் விடிலி வேலைக்கும் உதவும் கைகளைப் பள்ளிக்கு விடுவது பெற்றோருக்கு இழப்பு. உணவும் உடையும் தந்து பள்ளியில் தங்கவைப்பதால்தான் அவ்வூரில் பெண்கல்வி காலூன்ற முடிந்தது.

பள்ளியோடு சரிகைப் பின்னலும் வந்தது. இங்கே சரிகை என்பது பட்டுப்புடவையின் பொன்னிழையன்று. ஐரோப்பிய மகளிர் ஆடைகளில் வைத்துத் தைக்கும் மெல்லிய நூற்பின்னல், லேஸ். தலையணை போன்ற திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றி வீசிப் பின்னும் நுட்பமான கைவேலை. நாகர்கோவிலில் எலிசாவின் தாயார் இதைப் பெண்களுக்குக் கற்பித்திருந்தார். மகள் அந்தக் கலையை இடையன்குடிக்குக் கொணர்ந்தார். ஒரு பெண் கருப்பட்டி காய்ச்சினால் அதன் விலை குடும்பத்தின் கணக்கில் சேரும்; கடன்காரன் கைக்கும் போகும். பின்னலுக்குக் கிடைத்த கூலியோ அவள் கையிலேயே காசாக விழுந்தது. கடலுக்கு அப்பால் எவர் சட்டையிலோ ஒட்டப்படப்போகும் பின்னலை இந்தத் தேரிக்காட்டுப் பெண் பின்னினாள் என்பது விந்தைதான். தலைமுறைகள் பல கடந்தும் அவ்வட்டாரத்தில் அந்தத் தொழில் நிலைத்தது.

வீட்டின் ஒரு புறம் இவ்வாறு பெண்களின் பேச்சொலியால் நிறைந்திருக்க, மறுபுறம் வேறொரு வேலை ஓசையின்றி நடந்துகொண்டிருந்தது. சிற்றூர்களைச் சுற்றிவருவதும், உபதேசியார்களைக் கூட்டிப் பாடம் சொல்வதும், சபைக் கணக்கு எழுதுவதும், நோயாளிக்கு மருந்து கொடுப்பதும் போக எஞ்சிய பொழுதில் கால்டுவெல் மொழிகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு ஆகியவற்றோடு நீலகிரியிலும் நடுவிந்திய மலைக்காடுகளிலும் வழங்கிய எழுத்தில்லா மொழிகளையும் அவர் கருத்தில் கொண்டார். ஒரு சொல்லின் வேரைத் தேடுவதற்கு நூலகம் வேண்டும். இடையன்குடியில் அது ஏது? வந்து சேர்ந்த சில நூல்களும் நண்பர்களின் கடிதங்களும், எல்லாவற்றிற்கும் மேலாகத் தெருவில் நடமாடிய தமிழுமே அவருக்கு நூலகம். அவருக்கு முன்னரே, 1816இல், எல்லிஸ் என்னும் சென்னை அதிகாரி தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்றும் பிறந்தவை அல்ல என்று எழுதியிருந்தார். அந்தக் கருத்தை ஐயத்துக்கிடமின்றி விரிவாக நாட்டியவர் கால்டுவெல். முதலில் சொன்னவரை மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டதால் இதைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

இந்த உழைப்புக்கு நடுவே, 1849இல், அவருடைய சிறு நூலொன்று சென்னையில் அச்சாகி வெளிவந்தது. அடுத்த ஆண்டு இலண்டனிலும் வெளிவந்தது. தம் சபையின் பெரும்பகுதியினரான பனையேறும் மக்களைப் பற்றியது அந்நூல். அவர்கள் பெயரே அதன் தலைப்பிலும் இருந்தது. நோக்கம் தீயதன்று. இங்கிலாந்தில் இருந்த ஆதரவாளர்களுக்கு இப்பணியின் தன்மையை விளக்கி உதவி பெறுவதே நோக்கம். பனைத்தொழிலின் நுட்பங்களையும், பேய் வழிபாட்டு முறைகளையும், ஊர் வழக்கங்களையும் அவ்வளவு விரிவாக எழுதியவர் அதற்கு முன் இல்லை. ஆனால் அதே பக்கங்களில் அம்மக்களின் அறிவைத் தாழ்த்தியும், அவர்கள் இலங்கையிலிருந்து குடியேறியவர்கள் என்றும், நாகரிகப் படிகளில் கீழ்நிலையில் இருப்பவர்கள் என்றும் அவர் எழுதினார். எட்டாண்டுகள் அவர்கள் நடுவே வாழ்ந்தவர், அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், இதை எழுதினார்.

ஆங்கிலத்தில் எழுதியது இடையன்குடிக்கு எட்டாது என்று அவர் எண்ணியிருக்கலாம். அவ்வாறு எண்ணியிருந்தால், தாமும் தம் தோழர்களும் நிறுவிய பள்ளிகளை அவர் மறந்துவிட்டார் என்றே சொல்லவேண்டும். அப்பள்ளிகளில் கற்ற தலைமுறை ஆங்கிலத்தைப் படித்தது. தன்னைப் பற்றி ஐயர் எழுதியதையும் படித்தது. நாசரேத்து வட்டாரத்தில் உபதேசியாராக இருந்து மிஷனரியோடு பிணங்கி வெளியேறிய அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, அந்நூலைக் கையிலெடுத்து எதிர்ப்பைத் திரட்டினார். எபிரேய மொழியும் கற்ற அவர், 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தலைமை இல்லாத தனித் திருச்சபையையே நிறுவினார். அத்தோடு கசப்பு அடங்கவில்லை. முப்பதாண்டுகள் கழித்து 1880களிலும், கல்வியிலும் வணிகத்திலும் முன்னேறிய அச்சமூகத்தார் நூல்களும் விண்ணப்பங்களும் எழுதித் தங்கள் தொன்மையையும் மதிப்பையும் நிலைநாட்டினர். அவர்களுடைய எதிர்ப்பின் முன்னணியில் நின்றோருட் பலர் மிஷன் பள்ளிகளில் எழுத்தறிந்தவர்களே. இறுதியில் அந்நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ளும் நிலை வந்தது.

மனிதர்களை இனம் இனமாக வகுத்து உயர்வு தாழ்வு பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவுலகில் பரவியிருந்த நோய் என்பது உண்மை. அது விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. ஒரு மொழியை அதன் வேர்வரை சென்று மதித்தவர், அம்மொழியைப் பேசியவர்களை மேலோட்டமாக அளந்துவிட்டார். ஒப்பிலக்கணமும் அந்தச் சிறுநூலும் ஒரே வீட்டில், ஒரே காலத்தில் உருவாயின. கால்டுவெல்லைப் போற்றுவோர் இரண்டாவதை மறைப்பதும், தூற்றுவோர் முதலாவதை மறைப்பதும் நேர்மையாகா.

1854இல் உடல்நலங் கருதிக் கால்டுவெல் இங்கிலாந்து சென்றார். ஒப்பிலக்கணம் 1856இல் இலண்டனில் வெளியாயிற்று. திராவிடம் என்னும் பழஞ்சொல்லைக் குமாரிலபட்டரின் வடமொழி நூலில் கண்டு, அதை ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக அவர் நிலைநாட்டினார். அந்தச் சொல் பின்னாளில் மொழிநூலின் எல்லையைக் கடந்து எத்தனை மேடைகளில் ஒலித்தது என்பதை யாவரும் அறிவர். கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. இவ்வளவு புகழ் பெற்ற ஒருவர் அந்நாட்டிலேயே பேராசிரியராகத் தங்கியிருக்கலாம். ஆனால் அவர் திரும்பி இடையன்குடிக்கே வந்தார். தமிழ் விவிலியத்தைத் திருத்தும் குழுவில், போவர் ஐயரின் தலைமையில், 1858 முதல் பல்லாண்டுகள் உழைத்தார். 1875இல் ஒப்பிலக்கணத்தின் விரிவான இரண்டாம் பதிப்பு வெளிவந்தது.

நூல்கள் இவ்வாறு விரைந்து வந்தபோது, ஆலயம் மட்டும் வளர மறுத்தது. 1847இல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880இல்தான் முடிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள்! பணம் கிடைக்கும்போது சுவர் எழும். பஞ்சம் வந்தால் வேலை நிற்கும். கோதிக் பாணியின் கூர்வளைவுகளை இவ்வட்டாரக் கொத்தர்கள் கண்டதில்லை. சன்னல்களின் வடிவைக் கால்டுவெல் களிமண்ணில் தாமே செய்து காட்டினார் என்றும், அதைப் பார்த்தே கொத்தர்கள் கல்லில் வடித்தனர் என்றும் இடையன்குடியில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். டப்ளினில் கைவிட்ட கலை இங்கே பயன்பட்டது. ஆலயத்துக்குக் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் எல்லாரும் ஊர்மக்களே. தொடக்கத்தில் கல் சுமந்த இளைஞன் நிறைவு விழாவுக்குப் பேரப்பிள்ளையின் கைபிடித்து வந்திருப்பான்.

கட்டடம் முடிவதற்குள் நாடு ஒரு பெருங்கேட்டைச் சந்தித்தது. 1877ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் கல்கத்தாவில் கால்டுவெல்லும், அண்டைப் பகுதியில் பணியாற்றிய சார்ஜெண்டும் அத்தியட்சர்களாக அபிடேகம் செய்யப்பெற்றனர். அவ்வாண்டு தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. குளங்கள் வறண்டன; பனையும் பால் சுரக்கவில்லை. அத்தியட்சர் என்ற புதுப் பெருமையைச் சுவைக்க நேரமின்றி, அறுபது கடந்த அவர் தானியம் திரட்டுவதிலும் பங்கிடுவதிலும் ஈடுபட்டார். உதவி பெற்ற பல்லாயிரவர் சபையில் சேர முன்வந்தனர். பசி சேர்த்த கூட்டம் நிலைக்குமா என்ற ஐயம் அப்போதே எழுந்தது. பலர் விலகினர், பலர் நிலைத்தனர். இடையன்குடிக் குருமனைக்கு இது முதல் அனுபவமன்று.

இக்காலத்தில்தான் கொற்கையில் நிலத்தை அகழ்ந்து, பழந்தமிழர் முத்துக்குளித்த துறைமுகத்தின் இடத்தை அவர் ஆராய்ந்தார். 1881இல் திருநெல்வேலியின் வரலாற்றை நூலாக எழுதினார். அயர்லாந்தில் பிறந்தவர் எழுதிய அந்த மாவட்ட வரலாற்றைப் புறக்கணித்துவிட்டு இன்றும் ஒருவரும் நெல்லையின் வரலாறு எழுத முடியாது.

1880ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆலயம் பிரதிட்டை செய்யப்பெற்றது. ஊர் முழுவதும் கூடியுண்ணும் அசனப் பண்டிகை அன்று தொட்டு நடந்துவருகிறது. பந்தியில் அமர்ந்து ஒரே சோற்றை உண்பது, சாதியால் சிதறிய சமுதாயத்தில் எளிய செயலன்று. ஐயரின் பழைய நூலுக்கு எதிரான முழக்கம் பகுதியெங்கும் எழுந்த ஆண்டுகளும் இவையே. அவருடைய எழுத்தை எதிர்த்த சமூகத்தின் மக்களே அவருடைய ஆலயத்தில் முழந்தாளிட்டனர். இதில் முரண்பாடு காண்போர், நாற்பதாண்டுக் குடும்ப உறவின் இயல்பை அறியாதவர்கள். சினமும் உரிமையும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன.

1883இல் அத்தியட்சர் பணியின் பொருட்டுக் குடும்பம் தூத்துக்குடிக்கு மாறியது. சாயர்புரத்துக் கல்லூரியும் அங்கே மாற்றப்பட்டு அவர் பெயரால் வழங்கலாயிற்று. துறைமுக நகரின் வசதிகள் இடையன்குடியில் இல்லாதவை. எனினும், மணமாகி வந்த நாள் முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அடுப்பெரித்த வீட்டை எலிசா அம்மையார் விட்டுச் செல்லவேண்டியிருந்தது. தேரியின் வெக்கைக்குள் முதன்முதல் அடிவைத்த இளம்பெண் அன்று அறுபதை அணுகியிருந்தார். அவர் தொடங்கிய பள்ளியில் படித்த பெண்கள் தங்கள் பெண்களை அதே பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தனர்.

முதுமையும் நோயும் மிக, 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கால்டுவெல் பதவியினின்று விலகிக் கொடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகத்து 28ஆம் நாள் அங்கே காலமானார். எழுபத்தேழாண்டு வாழ்வில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ் மண்ணில் கழிந்திருந்தன. குளிர்ந்த மலையில் அவரை அடக்கம் செய்துவிடவில்லை. உடல் மலையினின்று இறக்கப்பட்டு, நெடுந்தொலைவு கடந்து, பனங்காட்டு வழியே இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கட்டிய ஆலயத்தின் திருப்பீடத்தின்கீழ் அவரை வைத்தனர். அவர் தம் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்திருந்த குறிப்புகளை மருமகன் வியாட் ஐயர் தொகுத்து 1894இல் வெளியிட்டார்.

அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழ்நாட்டு அரசு செப்பனிட்டு 2011இல் நினைவில்லமாக்கியது. காண வருவோர் ஒப்பிலக்கணம் எழுதப்பட்ட இடத்தைத் தேடுகின்றனர். பெண்கள் பின்னல் பின்னிய இடத்தைக் கேட்போர் சிலரே. கணவருக்குப் பின் எட்டாண்டுகள் வாழ்ந்த எலிசா அம்மையார் 1899இல் மறைந்தார். நாகர்கோவிலில் பெற்றோர் வளர்த்த சபையும் அவர்கள் நினைவும் இருந்தன. அவரையும் ஊரார் இடையன்குடிக்கே கொண்டுவந்து, அதே ஆலயத்தில் கணவரின் அருகில் அடக்கம் செய்தனர்.